மாடியைத் தனிப் போர்ஷன் ஆக்க ரூ.1,42,000: கொடுக்கலாமா?

வாசகர் கேள்விகள் – வீட்டு மின்வேலை
பதிலளிப்பவர்: 36 ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்

கேள்வி: ஐயா, வணக்கம். திருச்சி உறையூரில் எங்கள் அப்பா 1988-இல் கட்டிய வீடு. நானும் தங்கையும் கீழே இருக்கிறோம். இருவருமே பணி ஓய்வு பெற்றவர்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால், மொத்தம் 720 சதுர அடி. ஹாலின் பின்பகுதியைத் தடுத்து ஒரு சமையலறை, புதிதாக ஒரு குளியலறை, வெளிப்பக்கம் தனிப் படி வைத்து வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். கொத்தனார் கூலி பேசி முடித்தாயிற்று. மின்வேலையில்தான் குழப்பம். முதலில் வந்தவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ‘மாடி முழுவதும் வயரிங், சாமான் உட்பட ரூ.1,42,000’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். மூன்று ஃபேன், பன்னிரண்டு லைட், இன்வெர்ட்டர் லைன், புது மீட்டர் போர்டு எல்லாம் அதில் அடக்கம் என்று வாயால் சொன்னார். இரண்டாமவர் அச்சடித்த தாளில் விவரமாக ரூ.74,000 போட்டிருக்கிறார். அதன் நகலை இணைத்திருக்கிறேன். இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்று தெரிந்துகொண்டு முதலாமவர் இரட்டிப்பாகக் கேட்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஆனால் முதலாமவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர். அவரைச் சந்தேகப்பட மனம் ஒப்பவில்லை. எது நியாயமான தொகை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உறையூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தோடு வந்த நகலை மூன்று முறை படித்தேன். 74,000 ரூபாய்த் தாளில் ஸ்விட்ச், பிளக், பைப், வயர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் ‘எர்த்’ என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒருவர் அரிசி, பருப்பு, காய், எரிவாயு எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுக்கு விலை சொல்கிறார். இன்னொருவர் அரிசிக்கு மட்டும் சொல்கிறார். இரண்டு தொகையையும் அப்படியே ஒப்பிட்டால் யார் மேல் பழி விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலையை நீங்களே செய்யலாம். ஒரு சாயங்காலம் தங்கையோடு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். கட்டில் எங்கே வரும், பிரிட்ஜ் எங்கே நிற்கும், மிக்ஸி எந்த மேடையில் என்று பேசிக்கொண்டே சுவரில் குறி போடுங்கள். லைட்டுக்கு ஒரு வட்டம், பிளக்குக்கு ஒரு சதுரம், ஏசி, கீசர் போன்ற பவர் பாயிண்டுக்கு ஒரு பெருக்கல் குறி. குடித்தனம் செய்த பெண்களுக்குத் தெரிகிற அளவு எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியாது, சமையலறையில் எந்தக் கைக்கு எந்தப் பக்கம் பிளக் வேண்டும் என்று.

நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தை வைத்து நான் எண்ணிப் பார்த்தேன். ஹாலில் மூன்று லைட், ஒரு ஃபேன், இரண்டு பிளக், டிவிக்கு இரண்டு, காலிங் பெல் ஒன்று: 9. முன்அறையில் ஏசி சேர்த்து 6. பின்அறையில் 5. சமையலறையில் இரண்டு லைட், புகைபோக்கி ஃபேன், பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், குடிநீர் இயந்திரம்: 7. குளியலறையில் கீசர் சேர்த்து 4. படிக்கட்டு, பால்கனி, மொட்டை மாடி விளக்குகள், துணி துவைக்கும் இயந்திரம்: 4. ஆக 35 பாயிண்ட். அதில் ஏசி, கீசர், பிரிட்ஜ், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் ஐந்தும் பவர் பாயிண்ட். மீதி 30 சாதாரணம்.

இனி ஒரு சாதாரண லைட் பாயிண்டை மட்டும் பிரித்துப் பார்ப்போம். போர்டிலிருந்து விளக்கு வரை ஐந்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் பி.வி.சி. பைப் இரண்டு, ரூ.150. உள்ளே ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்), எர்த் மூன்றும் சேர்த்து, வளைவு, விட்டுப்போகும் துண்டு உட்பட 16 மீட்டர் வயர். 1.5 சதுர மி.மீ. வயர் 90 மீட்டர் சுருள் 2,700 ரூபாய் என்றால் மீட்டர் 30 ரூபாய். 16 மீட்டருக்கு ரூ.480. பெட்டி, ஸ்விட்ச், மேல்தகடு, வளைவுகள் ஆகியவற்றின் பங்கு ரூ.250. கூலி ரூ.400. மொத்தம் ரூ.1,280. ரூ.1,300 என்று வைப்போம். செம்பு விலை ஏறி இறங்கும்போதெல்லாம் வயர் விலையும் ஏறி இறங்கும். அதனால் உங்கள் தெருமுனைக் கடையில் இந்த வாரம் சுருள் என்ன விலை என்று கேட்டு, இதே கணக்கில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கணக்கு முறை மாறாது.

30 சாதாரணப் பாயிண்டுக்கு ரூ.39,000. பவர் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து, அதாவது மின்சாரத்தைப் பல லைனாகப் பிரிக்கும் பெட்டியிலிருந்து, தனியாக வயர் வர வேண்டும், தடித்த வயர் வேண்டும். ஒன்றுக்கு ரூ.2,800 என்று ஐந்துக்கு ரூ.14,000.

அடுத்தது மெயின் லைன். இரண்டாமவர் தாளில் கீழ் மீட்டரிலிருந்து மாடி டிபிக்கு 2.5 சதுர மி.மீ. வயர் என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கவலை தந்த இரண்டாவது இடம் இது. குடியிருக்க வரும் குடும்பம் மார்கழிக் காலையில் 2,000 வாட் கீசர் போடும். அதே நேரம் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பில் பால் காயும். ஒருவர் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி எடுப்பார். சித்திரையில் இதோடு 1,500 வாட் ஏசியும் சேரும். மொத்தம் 6,500 வாட். 230 வோல்ட்டுக்கு வகுத்தால் 28 ஆம்பியர். பைப்புக்குள் அடைந்து கிடக்கும் இரண்டரை ஸ்கொயர் வயர் இதைச் சுமந்தால் சூடேறும். சுவருக்குள் சூடேறுவது யாருக்கும் தெரியாது. மெயினுக்கு 6 சதுர மி.மீ. கேளுங்கள். 18 மீட்டர் தூரத்துக்கு எர்த் வயர், பைப், கூலி சேர்த்து ரூ.9,000 வரை ஆகும்.

பழைய ஆட்கள் இன்னும் 3/20, 7/20 என்றுதான் எழுதுவார்கள். உங்கள் முதலாமவரும் அப்படி எழுதினால் குழம்ப வேண்டாம். 7/20 என்றால் 20 கேஜ் கம்பி ஏழு இழை முறுக்கியது. இன்றைய 4 சதுர மி.மீ. வயரை விடச் சற்றே தடிப்பு. ஏசிக்கும் கீசருக்கும் அது போதும். 3/20 ஏறத்தாழ 2 சதுர மி.மீ. அதை ஏசிக்குப் போட விடாதீர்கள்.

டிபி பெட்டி, கதவோடு, ஐசொலேட்டர் (மொத்த லைனையும் நிறுத்தும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனை அறுக்கும் கருவி) ஒன்று, எம்.சி.பி. (பளு மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) எட்டு, பொருத்தும் கூலி உட்பட ரூ.9,000. எர்த் குழி புதிதாகப் போட்டால் ரூ.7,000. சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) எடுத்து மறுபடி பூச ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நான்கு நாள், ரூ.8,000. பழைய வயரைப் பிடுங்கி அகற்ற ரூ.3,000.

எல்லாம் கூட்டினால் ரூ.89,000. இது பழைய வீடு. காடி எடுக்கும்போது எதிர்பாராதது வரும். 1988 வீடு என்றால் மாடியில் மரச்சட்டத்தின் மேல் ஓட்டிய வயராக இருக்கலாம், அதிலும் அலுமினியக் கம்பியாகக்கூட இருக்கலாம். அந்தக் காலத்து ஜங்ஷன் பெட்டி ஒன்றைத் திறந்தால் கறுப்பு டேப் உருகிப் பிசினாகி விரலில் ஒட்டும். கம்பியை மூன்று தடவை வளைத்தால் முறிந்துவிடும். ‘பழசிலேயே கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், செலவு குறையும்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பழைய அலுமினியத்தையும் புதுச் செம்பையும் முறுக்கி இணைத்த இடம்தான் முதலில் கருகும். இதற்கெல்லாம் 15 சதவீதம் கூடுதலாக வையுங்கள். ஆக உங்கள் மாடிக்கு, ஃபேனும் விளக்கும் இல்லாமல், ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை நியாயம். பெரிய கம்பெனி ஸ்விட்சில் உயர்ந்த ரகம் கேட்டால் இன்னும் ஐந்தாயிரம்.

இப்போது இரண்டு தாளையும் ஒரே தராசில் ஏற்றுவோம். 74,000 ரூபாய்க்காரர் தாளின் அடியில் சிறிய எழுத்தில், ‘சுவர் கொத்துதல், பூச்சு வேலை வீட்டுக்காரர் பொறுப்பு’ என்று இருக்கிறது, பார்த்தீர்களா? அது ரூ.8,000. எர்த் குழி ரூ.7,000. ஆர்.சி.சி.பி. ரூ.2,500. மெயின் வயரைத் தடிப்பாக்க ரூ.4,000. ஏசிக்கும் கீசருக்கும் அவர் எழுதியிருக்கும் 1.5 சதுர மி.மீ. வயரை மாற்ற ரூ.3,500. பழைய வயரை அகற்ற ரூ.3,000. கூட்டினால் ரூ.28,000. அவருடைய 74,000 இப்போது 1,02,000.

முதலாமவர் சொன்ன தொகையிலிருந்து கழிப்போம். ஃபேன் ஒன்று 2,800 வீதம் மூன்று, ரூ.8,400. லைட் ஒன்று 350 வீதம் பன்னிரண்டு, ரூ.4,200. இன்வெர்ட்டர் லைன் ரூ.4,500. மீட்டர் போர்டு ரூ.5,500. மொத்தம் ரூ.22,600. கழித்தால் ரூ.1,19,400.

68,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் 17,400 ஆகிவிட்டது. முதலாமவர் கூட்டித்தான் கேட்கிறார். ஆனால் இரட்டிப்பாக ஏமாற்றுகிறார் என்பது உண்மையில்லை. இந்த 17,400-க்குக் காரணம் உயர்ந்த ரக வயராக இருக்கலாம், அதிக லாபமாகவும் இருக்கலாம். ஒரு வரித் தாளிலிருந்து அதை யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு வரிதான் அவர் செய்த தவறு.

எர்த் பற்றி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 1996-இல் கும்பகோணத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அந்த வீட்டிலும் பின்கட்டைப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். வயரிங் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வாடகைக்கு இருந்த அம்மாள் கிரைண்டரைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு, வெறுங்காலோடு அதன் உடம்பைத் தொட்டிருக்கிறார். தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கையில் கருகிய கோடு. உயிர் பிழைத்தது தெய்வாதீனம். நான் போய் அந்தப் பிளக் போர்டைக் கழற்றினேன். மேலே உள்ள பெரிய எர்த் துளைக்குப் பச்சை வயர் ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தது. வயரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. இரண்டு அங்குல நீளம். மறுமுனை எதிலும் சேரவில்லை. வெட்டிய நுனியைப் பெட்டிக்குப் பின்னால் மடித்துச் சொருகியிருந்தார்கள். வீட்டுக்காரர் போர்டைக் கழற்றிப் பார்த்தாலும் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. நான்கு போர்டுகளைக் கழற்றினேன், நான்கிலும் அதே இரண்டு அங்குலம். அந்த வீட்டுக்காரர் மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்த தொகை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்திருந்தார்.

அந்தத் துண்டு வயரைப் பல ஆண்டுகள் என் கருவிப் பெட்டியில் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாளே அதை எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் வீட்டில் கீழே ஏற்கெனவே ஒரு எர்த் குழி இருக்க வேண்டும். அப்பா கட்டியபோது போட்டிருப்பார். அது இன்னும் வேலை செய்கிறதா என்று எர்த் மெக்கர் என்ற கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அதிலிருந்தே மாடிக்கு வயர் கொண்டுபோகலாம், 7,000 ரூபாய் மிச்சம். துருப்பிடித்துப் போயிருந்தால் புதிதாகத் தோண்டுங்கள். இரும்புக் குழாய் துத்தநாகம் பூசியதாக, இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்காக. குழி தோண்டும் அன்று நீங்களோ தங்கையோ அருகில் நின்று குழாயின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மண் மூடிய பிறகு இரண்டரை மீட்டரும் ஒன்றரை மீட்டரும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோடையில் மாதம் இரண்டு தடவை அந்தக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டில் அதை யாரும் செய்வதில்லை.

ஆர்.சி.சி.பி. வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள், எம்.சி.பி.தான் இருக்கிறதே என்று. எம்.சி.பி. காப்பது வயரை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும். மனித உடம்பு வழியாக மின்சாரம் கசிந்து தரைக்கு இறங்கினால் அதற்குத் தெரியாது. கும்பகோணத்து வீட்டிலும் ஃபியூஸ் போகவே இல்லை. போன மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடுவது ஆர்.சி.சி.பி. வாடகைக்கு வரும் குடும்பத்தில் குழந்தை இருக்கும். 2,500 ரூபாயில் கைவைக்காதீர்கள்.

இனி முதலாமவரிடம் எப்படிப் பேசுவது. அப்பா காலத்து மனிதர், முகத்தில் அடித்தாற்போல ‘இவ்வளவு ஏன் கேட்கிறீர்கள்’ என்று கேட்க வேண்டாம். காபி கொடுத்து உட்கார வையுங்கள். ‘அண்ணே, தங்கை கணக்கு எழுதி வைக்கிறவள். எத்தனை பாயிண்ட், என்ன கம்பெனி வயர், எந்த அளவு, மெயினுக்கு என்ன, ஏசிக்கு என்ன என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். சாக்பீஸ் குறிகளைக் காட்டுங்கள். ஸ்விட்ச் போர்டிலேயே வரும் பிளக்கைச் சிலர் அரைப் பாயிண்ட் என்று எண்ணுவார்கள், சிலர் முழுப் பாயிண்ட் என்று எண்ணுவார்கள். படிக்கட்டு விளக்குக்கு மேலும் கீழுமாக இரண்டு ஸ்விட்ச் இருப்பதால் அதை இரண்டாக எண்ணுவார்கள். அவர் எண்ணும் முறையை முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்கு யாராவது இப்படிக் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும், நான் போடும் நல்ல சாமானுக்கு மதிப்புத் தெரிந்தவர்கள் என்று. எழுதித் தர மறுத்தால், எத்தனை ஆண்டுப் பழக்கமாக இருந்தாலும், வேறு ஆளைப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் ஒரு லட்சத்து எட்டாயிரம், பத்தாயிரம் என்று இறங்கி, ஆறு ஸ்கொயர் மெயினும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் எழுத்தில் கொடுத்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடமே கொடுப்பேன். ஃபேனும் லைட்டும் அதில் சேராது, அவற்றை நீங்களே கடையில் பார்த்து வாங்குங்கள். இரவு ஒன்பது மணிக்கு லைன் போய்விட்டால் கூப்பிட்ட குரலுக்கு வருகிற மனிதர் என்பதற்கு ஒரு விலை உண்டு. அதை நான் ஏழெட்டாயிரம் என்று மதிப்பேன். 17,000 என்று மதிக்க மாட்டேன்.

மின்வாரிய இணைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. முதலாமவர் ‘புது மீட்டர் போர்டு’ என்று சொன்னது மரப்பலகையும் கட்-அவுட்டும் (ஃபியூஸ் கட்டை) வயரும் மட்டுமா, வாரியத்துக்குக் கட்டும் பணமும் சேர்த்தா என்று கேளுங்கள். வாரியத்துக்குப் போக வேண்டிய பணத்தை நீங்களே உங்கள் பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள். எலெக்ட்ரீஷியன் கணக்கில் ‘ஈ.பி. செலவு’ என்று மொத்தமாக ஒரு வரி இருக்கக் கூடாது. தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் என்று மாடி முழுதும் பிரிந்து நிற்பதால் தனி இணைப்பு கேட்பது நியாயம். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் கொண்டுவந்தார்கள். கீழ் மீட்டரிலிருந்தே சப்-மீட்டர் வைத்து மாடிக்கும் கொடுத்தால் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகக் கூடி உயர்ந்த விலைப் படிக்குப் போய்விடும். 6,500 வாட் பளுவுக்கு ஒரு ஃபேஸ் கிடைக்குமா, மூன்று ஃபேஸ் வாங்க வேண்டுமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதைப் பொறுத்து டிபி பெட்டியே மாறும். வாங்கிய பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

பணத்தை நான்காகப் பிரித்துக் கொடுங்கள். சாமான் வாங்க முதல் தவணை. பைப் பதித்து, பூச்சுக்கு முன் இரண்டாவது. வயர் இழுத்து முடித்ததும் மூன்றாவது. கடைசிப் பத்து சதவீதத்தை எல்லாம் சோதித்து, பதினைந்து நாள் ஓடிய பிறகு கொடுங்கள். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், பைப் போகும் பாதை தெரியும்படி, பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் குடியிருப்பவர் சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களுக்கு உதவும்.

வயர் சுருளின் உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையான கம்பெனிதானா என்று காட்டும். உங்கள் தங்கைக்குக் கைப்பேசி பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள், இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். வேலை முடிந்த அன்று ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதியிருக்கும் சிறு பொத்தானை நீங்களே அழுத்துங்கள். டக்கென்று லைன் போக வேண்டும். போகவில்லை என்றால் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்து என் மகனுக்கு மளிகைக் கடை வைத்துக் கொடுக்கிறேன். ஒரு டீப் ஃப்ரீசர், ஆறு லைட், இரண்டு ஃபேன். வீட்டு டிபியிலிருந்தே லைன் எடுத்துவிடலாம், 12,000 ரூபாய் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். குறைவாகத்தானே இருக்கிறது?
– வாசகர், தேனி

பதில்: வேலைக்கு 12,000 நியாயமான தொகைதான். ஆனால் அந்த வேலையையே செய்யக் கூடாது. வீட்டுக்கு வாங்கிய மின்சாரத்தைக் கடைக்குப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அனுமதியில்லாத உபயோகம். கண்டுபிடித்தால் அந்தக் காலத்துக்கு உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிட்டு வாங்குவார்கள். மகன் வியாபாரம் நிலைத்து நிற்கும் நேரத்தில் அந்த அடி விழ வேண்டாம். கடைக்கு வணிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் தனி மீட்டர், தனி மெயின், தனி டிபி என்று புதிதாக எஸ்டிமேட் கேளுங்கள். ஃப்ரீசருக்குத் தனி எம்.சி.பி., தனி வயர். அதை மற்ற லைனோடு சேர்த்தால் ஒரு பல்பு கோளாறுக்கு எம்.சி.பி. விழுந்து, காலையில் ஃப்ரீசரைத் திறக்கும்போது சரக்கு முழுதும் கெட்டிருக்கும்.

கேள்வி: சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார் ஒருவர், பாயிண்டுக்கு இவ்வளவு என்கிறார் இன்னொருவர். பழைய வீட்டை மாற்றிக் கட்டும்போது எது நல்லது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பாயிண்ட் கணக்கு. புது வீடு முழுதாகக் கட்டும்போது சதுர அடிக் கணக்கு ஓரளவு சரியாக வரும். மாற்றிக் கட்டும்போது ஒரு அறையில் ஒன்றுமே தொட மாட்டீர்கள், சமையலறையில் மட்டும் பத்துப் பாயிண்ட் வரும். சதுர அடி போட்டால் தொடாத அறைக்கும் கூலி கொடுப்பீர்கள். சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்தால் மிச்சமாகும் வயர் உங்களுடையது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிவப்பில் ஐந்து மீட்டர், கறுப்பில் ஐந்து மீட்டர், பச்சையில் ஐந்து மீட்டர் சுருட்டி, டிபிக்கு மேலே உள்ள பரணில் வையுங்கள்.